‘வரலாம்’ என்னும் வடிவம்: வேதிச்சிகிச்சைக் கையேடுகளின் தமிழ் பற்றி ஒரு திறனாய்வு

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிரிவுகளில், சிகிச்சை தொடங்கும் நாளன்று நோயாளியின் கையில் ஒரு துண்டறிக்கையோ சிறு கையேடோ தரப்படுவது வழக்கம். தமிழில் எழுதப்படும் அறிவியல் உரைநடையுள் இத்தனை கவலையோடும் இத்தனை முறை திரும்பத் திரும்பவும் படிக்கப்படுவது வேறொன்று இருக்குமா என்பது ஐயம். ஆயினும் மொழிபெயர்ப்புத் திறனாய்வு இதன் பக்கம் அரிதாகவே திரும்பியுள்ளது. கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம்; அச்சொற்களைத் தாங்கி நிற்கும் தொடர்களைப் பற்றி எழுதியது குறைவு. இக்கட்டுரை தொடர்களைப் பற்றியது.

சென்னை, வேலூர், பெங்களூரு, மும்பை, திருவனந்தபுரம் முதலிய நகரங்களுக்குத் தமிழ் பேசும் நோயாளிகள் சிகிச்சைக்காகச் செல்கின்றனர். அவர்களுக்கெனத் தரப்படும் தமிழ்த் துண்டறிக்கைகளிற் பல ஆங்கில மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. எந்த நிறுவனத்தின் வெளியீட்டையும் பெயர் சுட்டிக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. கீழே தரப்படும் தொடர்களும் அவற்றிலிருந்து எடுத்தெழுதியவை அல்ல. அமைப்பினை விளக்க இக்கட்டுரையாளர் ஆக்கிக்கொண்ட மாதிரிகளே. இத்தகைய துண்டறிக்கைகளைக் கையாண்டவர்க்கு இவ்வமைப்புப் பழக்கமானதாகவே தோன்றும்.

சிகிச்சையின் பெயரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேதிச்சிகிச்சை, வேதியியல் சிகிச்சை, இலங்கை வழக்கில் இரசாயன சிகிச்சை, எழுத்துப்பெயர்ப்பாகக் கீமோதெரபி என நான்கு வடிவங்கள் வழங்குகின்றன. மூலச்சொல்லே இந்நோய்க்கென உண்டானதன்று. பால் எர்லிக் அதனைத் தொற்றுநோய்க் கிருமிகளை வேதிப்பொருளால் அழிக்கும் முறைக்கு வழங்கினார். 1910இல் சால்வர்சான் வந்தது அவ்வழியில். பிற்காலத்தில்தான் பொருள் சுருங்கிப் புற்றுநோய்க்கு உரியதாயிற்று. நோயாளிகளோ ‘மருந்து ஏத்துறாங்க’ என்றும் ‘கீமோ’ என்றும் சொல்லிவிடுகின்றனர். கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்டு வைக்கிறது’ என்கின்றனர். இவற்றால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றென எல்லாருக்கும் விளங்குகிறது. சிக்கல் பெயரில் தொடங்கவில்லை. மருந்து உடலில் இறங்கிய பின் நிகழ்வனவற்றைச் சொல்லும் பக்கத்தில் தொடங்குகிறது.

அப்பக்கத்தின் தலைப்புப் பெரும்பாலும் ‘பக்கவிளைவுகள்’ என்பது. சில கையேடுகள் ‘பின்விளைவுகள்’ என்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது சரியன்று. பின்விளைவு என்னும் சொல் சிகிச்சை முடிந்தபின் எஞ்சுவதைச் சுட்டும். அத்தகைய விளைவுகளும் உண்டு, அவற்றைத் தனியே சொல்லவேண்டியும் உள்ளது. ‘பக்க’ என்னும் அடையோ ஓரமானது, சிறியது என்னும் சாயலைத் தருகிறது. மூலச்சொல்லுக்கும் அச்சாயல் உண்டாதலின் மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவதற்கில்லை.

பக்கத்தின் உள்ளே வருவது ஒரு பட்டியல். குமட்டல், வாந்தி, முடி உதிர்தல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், சோர்வு, காய்ச்சல், இரத்த அணுக்கள் குறைதல், நரம்புக் கோளாறு என ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்ச்சொற்கள் நிற்கும். மேலே ‘கீழ்க்கண்ட பக்கவிளைவுகள் ஏற்படலாம்’ என ஒரே தொடர். பத்துப் பெயர்களுக்கும் வினை ஒன்றுதான்.

இவ்வமைப்பு எதை மறைக்கிறது என்பதை அறிய மருந்தின் செயலைச் சிறிது நோக்கவேண்டும். இம்மருந்துகளிற் பெரும்பாலானவை விரைந்து பிரியும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. எலும்பு மச்சை, வாயிலும் குடலிலும் உள்ள உட்படலம், மயிர்க்கால் ஆகியனவும் அத்தன்மையுடையனவாதலின் அவையும் தாக்குண்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் காலத்திலேயே வெளிப்படுகிறது. வாந்தி மருந்தேறிய முதல் நாளில் வரும். சில மருந்துகளுக்கு இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையிலும் வரும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் மிகத் தாழ்ந்த நிலையை அடையும். முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும். விரல் மரத்துப்போவது சுற்றுக்குச் சுற்றுச் சேர்ந்து வளர்வது. சிலருக்குச் சிகிச்சை முடிந்து மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் நீங்காது. சில விளைவுகள் ஏறத்தாழ உறுதியானவை, சில அரியவை. சில தொல்லை தருவன. ஒன்றிரண்டு உயிரைப் பறிப்பன. காலம், உறுதிப்பாடு, ஆபத்து என்னும் இம்மூன்று வேறுபாடுகளையும் ஒருங்கே அழிப்பது ‘ஏற்படலாம்’ என்னும் ஒற்றை வினையே.

இங்கு -லாம் ஈற்றினைச் சற்று ஊன்றி நோக்குவது தகும். ‘செய்யல்’ என்னும் தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்தமைந்த இவ்வடிவம் இக்காலத் தமிழில் இரு பொருள் தருகிறது. ஒன்று இசைவு, மற்றொன்று வாய்ப்பு. ‘நீங்கள் மோர் குடிக்கலாம்’ என்பது இசைவு. ‘நாளை மழை வரலாம்’ என்பது வாய்ப்பு. எதிர்மறையாக்கினால் வேறுபாடு புலப்படும். முன்னதன் எதிர்மறை ‘குடிக்கக்கூடாது’. பின்னதன் எதிர்மறை ‘வராமலும் இருக்கலாம்’. தன்விருப்பால் நிகழும் வினையாயின் இசைவுப் பொருளும், அவ்வாறல்லாத வினையாயின் வாய்ப்புப் பொருளும் முன்னிற்கும் என்பது பொதுவிதி. இவ்விதியைக் காட்டி, ‘வாந்தி வரலாம்’ என்பதில் மயக்கத்திற்கு இடமில்லையே, வாந்தி யாரிடம் இசைவு கேட்டு வருகிறது என மொழியியலார் ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானது.

விடை ‘வரை’ என்னும் சொல்லில் உள்ளது. ‘பெட்டியின் எடை 15 கிலோ வரை இருக்கலாம்’ என்னும் தொடரைக் காண்க. பெட்டிக்கு விருப்பமில்லை, எனினும் இது வாய்ப்பினைக் கூறும் தொடரன்று, எல்லை வகுக்கும் தொடர். பதினான்கு கிலோவுக்குப் பிழையில்லை, பதினாறுக்குத்தான் கேள்வி. அளவுச்சொல் சேர்ந்தவுடன் -லாம் என்பது அஃறிணை எழுவாயோடும் இசைவுப் பொருள் கொள்கிறது. இப்போது ‘மருந்தேற்றிய பின் மூன்று நாட்கள் வரை வாந்தி இருக்கலாம்’ என்பதைப் படித்தால், மூன்று நாள் அனுமதிக்கப்பட்டது, நான்காம் நாள்தான் மருத்துவரைக் கூப்பிடவேண்டும் என்றே பொருள்படும். முதல் நாளே ஒரு மிடறு நீர் தங்காதவரும் அவ்வாறே கொள்வார். மூலத்தில் இருந்தது ஒரு செய்தி. தமிழில் வந்தது ஒரு தவணை.

இம்மயக்கத்தைக் கூட்டுவது மற்றொன்றும் உண்டு. அதே கையேட்டின் உணவுப் பக்கத்தில் ‘இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் சாப்பிடலாம்’ என வருகிறது. அங்கே -லாம் தெளிவான இசைவு. ஒரு பக்கம் முழுதும் இசைவாகப் பழகிய ஈறு அடுத்த பக்கத்தில் வாய்ப்பாக மாறிவிடும் என எதிர்பார்ப்பது படிப்பவரிடம் மிகையாக எதிர்பார்ப்பதாகும்.

உணவுப் பக்கத்தைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லவேண்டும். பல கையேடுகளில் நல்ல தமிழ் உள்ள பக்கம் அதுவே. ‘வாய் கசந்தால்’, ‘காரம் குறைத்து’, ‘கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை’, ‘தாளிக்கும் வாசனை பிடிக்காவிட்டால் சமையலறைப் பக்கம் போகவேண்டாம்’ என்னும் போக்கில் அங்கே தொடர்கள் இயல்பாக ஓடும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தம் வீட்டு அடுக்களையிலிருந்து எழுதியிருக்கிறார் என்பது தெரியும். மூலத்திலுள்ள உணவுகள் நம் ஊரில் இல்லாமையால் அவர் வேறுவழியின்றித் தமிழில் சிந்திக்க நேர்ந்தது. நோயைப் பற்றிய பக்கத்தில் அத்தேவை எழாமையால் அவர் அங்கே சிந்திக்கவில்லை.

ஒரே தொடர் இருவேறு உண்மைகளைச் சொல்லுமிடம் ஒன்றைக் காட்டலாம். ‘சிறுநீர் சிவப்பாகலாம்’ என்பது அத்தொடர். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவது பரவலாக உள்ள முறை. முன்னது செந்நிறமானது, நோயாளிகள் அதனைச் ‘சிவப்பு மருந்து’ என்பர். ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது மருந்தின் நிறமேயன்றி வேறில்லை, அஞ்சவேண்டியதில்லை. பின்னது சிலருக்குச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும்; அதனை உடனே தெரிவிக்கவேண்டும். இரண்டு மருந்தும் ஒரே நாளில் ஒரே கையில் ஏறுகின்றன. இரண்டுக்கும் துண்டறிக்கை தருவது அதே இரு சொற்கள். ‘முதல் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். அதன் பிறகும் சிவப்பாகப் போனாலோ, கடுத்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அது இரத்தம். அன்றைக்கே சொல்லுங்கள்’ என எழுதத் தமிழில் தடை என்ன? ‘போகும்’ என்னும் எளிய எதிர்கால வினை இங்கே ‘போகலாம்’ என்பதினும் நேர்மையானது. பெரிதும் நிகழ்வதை நிகழும் என்றே சொல்லலாம். முடி பற்றியும் அவ்வாறே. இம்மருந்து ஏறுவோருக்கு ‘முடி உதிரலாம்’ என்பது ஆறுதல் போலத் தோன்றும் ஒரு மறைப்பு. ‘உதிர்ந்துவிடும், மருந்து முடிந்தபின் முளைக்கும்’ என்னும்போது ‘விடு’ என்னும் துணைவினை உறுதியைத் தாங்குகிறது. நோயாளியும் மொட்டை அடித்துக்கொள்வதா துணி கட்டிக்கொள்வதா எனத் தாமே முன்கூட்டி முடிவு செய்யலாம்.

இனிக் காய்ச்சல். இத்துறையில் மொழிபெயர்ப்பு உயிரோடு தொடர்புறும் இடம் இதுவே. வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் வரும் காய்ச்சல் அவசரநிலை. சில மணி நேரத்திற்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து சிரைவழி ஏறவேண்டும். எல்லை பொதுவாக 38 டிகிரி செல்சியஸ். துண்டறிக்கைகளிலும் அவ்வெண்ணே காணப்படும். ஆனால் தமிழ் வீடுகளில் காய்ச்சலின் எண் பாரன்ஹீட்டில் வழங்குவது. ‘நூறு இருக்கு’, ‘நூத்தி ரெண்டு அடிக்குது’ என்பன குழந்தைகளும் அறிந்த தொடர்கள். 38 என்பது அவ்வழக்கில் ஓர் எண்ணே அன்று. 100.4 என எழுதியிருந்தால் வேலை முடிந்தது. நூறு என்னும் பழகிய வரம்பைச் சற்றே தாண்டிய அளவென்பது சொல்லாமலே விளங்கும்.

எண்ணைவிடச் சொல் பெருஞ்சிக்கல். ‘காய்ச்சல்’ என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல் என நாம் கொள்கிறோம். தெரிந்த சொல்தான், ஆனால் அது எல்லாருக்கும் ஒரே எல்லையை உடையதன்று. உடம்பு சூடு, மேல் காந்தல், கணகணப்பு, உள்காய்ச்சல், காய்ச்சல் எனப் பேச்சுவழக்கு ஒரு வரிசையை வைத்திருக்கிறது. இவற்றுள் ‘சூடு’ என்பது வெப்பமானியின் அளவுக்கு உட்பட்டதன்று. மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு என்னும் வகைப்பாட்டில் மருந்தும் சூடு. கீமோ மருந்து கடுஞ்சூடு என்பது பரவலான எண்ணம். வாய்ப்புண் வந்தாலும், கண் எரிந்தாலும், உள்ளங்கை சிவந்தாலும் ‘மருந்துச் சூடு’ என்னும் ஒரே விளக்கம் போதுமானதாகிறது. அவ்விளக்கத்தினுள் காய்ச்சலும் அமைதியாக நுழைந்துகொள்கிறது.

இக்கட்டுரையாளரின் சித்தி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், மூன்றாம் சுற்று மருந்தேறிய பத்தாம் நாள் மருத்துவமனைத் தொலைபேசியில் பேசியதை அருகிலிருந்து கேட்க நேர்ந்தது. ‘காய்ச்சல் இருக்காம்மா?’ எனச் செவிலியர் கேட்டார். ‘காய்ச்சல்லாம் இல்லம்மா. மேலு லேசா காந்துது, மருந்துச் சூடுதான்’ என்றார் சித்தி. செவிலியர் தமிழ் நன்கறிந்தவர், பரிவோடுதான் கேட்டார். கேள்விக்கு ‘இல்லை’ என்னும் விடை கிடைத்துவிட்டமையால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ‘மேல்’ என்பது தென்மாவட்ட வழக்கில் உடம்பைக் குறிக்கும் என்பதும், ‘மேலுக்கு முடியல’ என்றால் உடல்நலமின்மை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. வெப்பமானி 101.5 காட்டியது. அன்றிரவே சேர்க்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். உரையாடலில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கவனக்குறைவாகவும் இல்லை. ‘காய்ச்சல் இருக்கிறதா’ என்பது அவர் அகராதியில் வேறொரு கேள்வி, அவ்வளவே.

ஆகவே துண்டறிக்கையில் காய்ச்சல் என்னும் சொல்லோடு அதன் உறவினர் அனைவரும் வந்தாகவேண்டும். ‘உடம்பு சுட்டாலோ, காந்தினாலோ, குளிரெடுத்து நடுங்கினாலோ, “மருந்துச் சூடு” என்று விட்டுவிடாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 100.4 அல்லது அதற்குமேல் இருந்தால் இரவானாலும் புறப்பட்டு வாருங்கள். குளிரெடுத்து நடுங்கினால் எண்ணைப் பார்க்காமலும் வாருங்கள். பார்ப்பதற்குமுன் காய்ச்சல் மாத்திரை போடவேண்டாம். போட்டால் காய்ச்சல் மறைந்து நோய் மறையாமல் இருக்கும்’ என ஐந்தாறு தொடரில் எழுதிவிடலாம். இதனைக் கொச்சை என்றும் துறைமொழிக்கு ஒவ்வாதது என்றும் சொல்வோர் உளர். ‘மருந்துச் சூடு’ என்னும் மக்கள் வழக்கை அச்சில் ஏற்றினால் அந்நம்பிக்கையை ஏற்றதாகிவிடும் என அஞ்சுவோரும் உளர். பெயர் சொல்லி மறுக்காத நம்பிக்கையை மறுத்ததாகவே கொள்ள முடியாது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

காய்ச்சல் பற்றிய மாதிரித் தொடர் ‘மருத்துவரை அணுகவும்’ என முடியும். ‘அணுகவும்’, ‘கலந்தாலோசிக்கவும்’, ‘தொடர்பு கொள்ளவும்’ என்னும் செயவென் எச்சத்தோடு உம் சேர்ந்த இவ்வேவல் நம் பொதுவாழ்வில் எங்கே வழங்குகிறது? பேருந்தில் ‘சரியான சில்லறை தரவும்’, சத்துமருந்துப் புட்டியில் ‘நன்றாகக் குலுக்கவும்’, கடைவாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’. பணிவான வடிவம், ஆனால் கீழ்ப்படியாவிட்டாலும் ஒன்றும் நேராது என எல்லாரும் அறிந்த வடிவம். உயிர்காக்கும் ஏவலை இதிற் போர்த்தித் தருவது முறையா? முன்னிலைப் பன்மை ஏவலாகிய ‘வாருங்கள்’, ‘சொல்லுங்கள்’ என்பவற்றில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை நோக்கிப் பேசுவது கேட்கிறது. மரியாதைக்கும் குறைவில்லை.

பட்டியலிலுள்ள பெயர்ச்சொற்களுக்கு மீள்வோம். உடலுணர்வைச் சொல்வதில் தமிழின் வலிமை வினையில் உள்ளது. ‘எனக்குக் குமட்டுகிறது’, ‘எனக்குத் தலை சுற்றுகிறது’, ‘வயிற்றைப் புரட்டுகிறது’, ‘கால் மரத்துப்போகிறது’, ‘விரல் விறுவிறுக்கிறது’, ‘நாக்குக் கசக்கிறது’ என நான்காம் வேற்றுமை ஏற்ற உணர்வோனும் அவனைக் கேளாமல் தானே நிகழும் வினையும் சேர்ந்த இவ்வமைப்பு, நோயின் இயல்பைச் செவ்வையாகக் காட்டுவது. இவ்வினைகளைப் பெயராக்கி ‘உணர்விழப்பு’, ‘சுவை மாற்றம்’, ‘நரம்பு நச்சுத்தன்மை’ என நிறுத்தினால் உணர்வோன் மறைகிறான். தனக்கு நிகழ்வது இதுதானா என ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாது போகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவர் குளிர்ந்த நீரைத் தொட்டால் மின்சாரம் தாக்கியது போல் விரல் வெடுக்கென்று இழுக்கும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். ‘புற நரம்பு நோய்’ என்னும் சரியான கலைச்சொல் இதனை அவருக்கு முன்னறிவிக்காது. ‘நாலைந்து நாள் குளிர்ந்த தண்ணீரைத் தொடவேண்டாம், ஃபிரிட்ஜில் கைவிடவேண்டாம், விட்டால் சுரீரென்று இழுக்கும், சிறிது நேரத்தில் சரியாகும்’ என்பது அறிவிக்கும்.

கலைச்சொல்லே தீங்கிழைக்கும் இடமும் ஒன்று உண்டு. விரல் மரத்துப்போதலை ‘நரம்புத்தளர்ச்சி’ எனப் பெயர்த்தால் என்ன நேரும்? அகராதிப்படி ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் வார இதழ்களின் கடைசிப் பக்க விளம்பரங்களும் பேருந்து நிலையச் சுவரொட்டிகளும் பல்லாண்டாக அச்சொல்லுக்கு ஆண்மைக்குறைவு என்னும் பொருளை ஏற்றிவிட்டன. ஐம்பது வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர், தம் மகள் அருகிருக்க, ‘நரம்புத்தளர்ச்சி உள்ளதா’ என்னும் வினாவுக்கு ஆம் எனச் சொல்வார் என நம்புவதற்கில்லை. அவர் இல்லை என்பார். மருந்தின் அளவு குறைக்கப்படாது. சட்டைப் பொத்தானை மாட்ட முடியாத நிலைக்கு விரல்கள் செல்லும். ‘பொத்தான் மாட்டச் சிரமமாக இருக்கிறதா, செருப்புக் கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா’ எனக் கேட்டால் நாணமின்றி விடை வரும். சிகிச்சைக் காலத்தில் பலர் உணரும் மறதியையும் கவனச் சிதறலையும் ‘அறிவாற்றல் குறைபாடு’ என்பதும் இத்தகையதே.

‘மயக்கம்’ வேறு வகை. தலைசுற்றலும் மயக்கம், நினைவிழந்து விழுவதும் மயக்கம், உண்டபின் வரும் தூக்கச் சோர்வும் மயக்கம், பித்தத்தால் வரும் குமட்டலும் சிலருக்கு மயக்கம். ‘மயக்கமா இருக்கு’ என்று நோயாளி சொன்னால் கேட்பவர் அடுத்த வினாவைக் கேட்டேயாகவேண்டும். ‘மயக்கம் ஏற்படலாம்’ என்று தாள் சொன்னால் படிப்பவர் யாரைக் கேட்பது? வட்டாரமும் இடையே வரும். வாந்தியை யாழ்ப்பாணத்தார் சத்தி என்பர். ஒரே தமிழ்த் தாள் எல்லாத் தமிழருக்கும் போதும் என்னும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே சொல் போதும் என்னும் எண்ணத்தைக் கைவிடவேண்டும்.

இதுவரை கூறியவை துண்டறிக்கைகளைப் பற்றியவை. இவற்றினும் கண்டிப்பான நெறியில் மொழிபெயர்க்கப்படுவன வாழ்க்கைத்தர வினாநிரல்கள். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993இல் வெளியிட்ட முப்பது வினாக்கள் கொண்ட நிரல் உலகெங்கும் வழங்குவது. இதனைப் பெயர்க்க இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல், இரண்டையும் இணக்குதல், வேறிருவர் மூலமொழிக்கு மீளப் பெயர்த்தல், பின் சில நோயாளிகளிடம் சோதித்தல் என்னும் படிகள் விதிக்கப்பட்டுள்ளன. பாராட்டத்தக்க ஒழுங்கு. அந்நிரலில் அயர்ச்சியை அளக்க மூன்று வினாக்கள் உள்ளன. ஓய்வு தேவைப்பட்டதா என்பது ஒன்று, வலுவற்றதாக உணர்ந்தது ஒன்று, களைத்தது ஒன்று. தமிழில் இதற்குரிய சொற்கள் களைப்பு, சோர்வு, அசதி, அயர்ச்சி, தளர்ச்சி, பலவீனம், ‘முடியல’. வேலை செய்தவருக்கு வருவது களைப்பு. அதற்குக் காரணம் உண்டு, உறங்கினால் தீரும். அசதி உடம்பை அடித்துப்போட்டது போன்றது. சோர்வு மனத்துக்கும் உரியது. ‘சோர்ந்து போகாதீர்கள்’ என்றால் ஊக்கம் இழக்காதீர்கள் என்றே பொருள். மருந்தேறியவரை வாட்டுவதோ உழைக்காமல் வருவது, உறங்கியும் தீராதது. இது களைப்பன்று. சோர்வு என்றால் மனம் தளர்ந்ததா எனக் கேட்பதாகி, தன்மானமுள்ளவர் ‘இல்லை’ என்று விடுவார். மீள்பெயர்ப்பு இப்பிழையைக் காட்டாது. ஏனெனில் களைப்பு, சோர்வு, அசதி மூன்றையும் மீளப் பெயர்த்தால் மூலத்தில் அதே சொல்லுக்குத்தான் திரும்பும். வட்டம் மூடிக்கொள்வதால் மொழிபெயர்ப்புச் சரியென ஆகிவிடாது. நோயாளிகளிடம் சோதிக்கும் இறுதிப் படியே பிழை வெளிப்படக்கூடிய ஒரே இடம். காலமும் பணமும் குறைந்தால் முதலில் சுருங்குவதும் அதுவாகவே இருக்கும்.

நச்சுவிளைவுகளைத் தரப்படுத்த மருத்துவர்கள் கையாளும் அமெரிக்க அளவுகோல் ஒன்று 1983 முதல் திருத்தப்பட்டு வருகிறது. அதில் வயிற்றுப்போக்கு, வழக்கத்தினும் நாளுக்கு எத்தனை முறை கூடுதல் என்னும் கணக்கால் தரம் பிரிக்கப்படுகிறது. நான்கிற்குக் குறைவு முதல் தரம், நான்கு முதல் ஆறு இரண்டாம் தரம், ஏழும் அதற்கு மேலும் மூன்றாம் தரம். மருத்துவர் தம் தாளில் எண்ணை வைத்துக்கொள்ள, நோயாளியின் தாளில் ‘கடுமையான வயிற்றுப்போக்கு’ என மட்டும் உள்ளது. கடுமை என்பதற்கு ஒவ்வொருவரும் தம் பொறுமையையே அளவாகக் கொள்கின்றனர். எண்ணையே சொல்லிவிடுவதில் என்ன தயக்கம் என்பது விளங்கவில்லை.

பொறுமை என்றதும், இக்கையேடுகளின் முன்னுரைகளிலும் முடிவுரைகளிலும் வரும் ஒரு குரலைப் பற்றிச் சொல்லவேண்டியுள்ளது. ‘பக்கவிளைவுகளை மனவுறுதியுடன் பொறுத்துக்கொண்டு’, ‘தைரியமாக எதிர்கொண்டு’ என்னும் வகையான தொடர்கள் மூலத்தினும் தமிழில் ஓங்கி ஒலிக்கக் காணலாம். பொறுத்தல் நம்மிடம் வெறும் வினையன்று. திருக்குறளில் ஓர் அதிகாரமே பெற்ற அறம். அதனைப் பெண்களிடம் கூடுதலாகவே எதிர்பார்க்கும் குடும்ப மரபும் உண்டு. இவ்வறத்தைக் குமட்டலோடு பிணைத்தால், வாந்தியைச் சொல்வது குறை கூறுவதாகவும், சொல்லாதிருப்பது பண்பாகவும் ஆகிறது. மருத்துவமோ வேறிடத்திற்குச் சென்றுவிட்டது. ஆண்டன்செட்ரான் 1990களின் தொடக்கத்தில் வந்தது. அப்ரெபிடன்ட் 2003இல் வந்தது. ஓலான்சபினும் இப்போது இதற்குப் பயன்படுகிறது. கடுமையாக வாந்தி வருவிக்கும் மருந்துகளுக்கும் இவற்றைச் சேர்த்துத் தந்தால் பலருக்கு வாந்தியைத் தடுத்துவிட முடிகிறது. ஒன்று போதாவிட்டால் அடுத்த சுற்றில் மற்றொன்று சேர்க்கலாம். ஆனால் போதவில்லை என்பதை யாரேனும் சொல்லவேண்டும். சுற்றுக்குச் சுற்றுப் பொறுத்தவர்க்கு மருத்துவமனை வாசனை பட்டவுடனே, மருந்து ஏறுமுன்பே, வாந்தி வரத் தொடங்கும்; ‘நினைச்சாலே குமட்டுது’ என்னும் வழக்குத்தொடர் இவர்களுக்கு உவமையன்று. அந்நிலைக்கு வந்தபின் மருந்துகள் அவ்வளவாக உதவுவதில்லை. எனவே இத்துறைத் தமிழில் ‘பொறுத்துக்கொள்’ என்பதினும் ‘சொல்லிவிடு’ என்பதே வேண்டப்படும் வினை. ‘சமாளித்தல்’ என்னும் சொல்லும் பழுதில்லை. அதில் வழிதேடும் முயற்சி அடங்கியிருக்கிறது. ‘சகித்தல்’ அறவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்கத்தக்க நடைமுறை ஒன்று எஞ்சியுள்ளது. இத்தாள்களை நோயாளி தாமே படிப்பது குறைவு. கண் எரிகிறது, எழுத்துச் சிறிது, படிப்பும் சிலருக்கு இல்லை; மகளோ, மருமகனோ, பள்ளிக்குச் செல்லும் பேத்தியோ வாய்விட்டுப் படிக்க அவர் கேட்கிறார். ‘குருதி வெள்ளணுக் குறைவினால் ஏற்படும் நோயெதிர்ப்பாற்றல் வீழ்ச்சி’ என்னும் தொகையில் பேத்தி தடுக்கி, அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறாள். அடுத்த வரியில் இருப்பது காய்ச்சல். எனவே வரைவு முடிந்ததும் அதனை வேறொருவர் முதன்முறையாக வாய்விட்டுப் படிக்கக் கேட்பது, மீளப் பெயர்த்துப் பார்ப்பதினும் எளிய சோதனை. கேட்டவரிடம் ‘புரிந்ததா’ எனக் கேட்பதில் பயனில்லை; யாரும் புரியவில்லை எனச் சொல்வதில்லை. ‘எதெது நடந்தால் ராத்திரியிலும் எங்களைக் கூப்பிடுவீர்கள்?’ எனக் கேட்கலாம். அவர் தரும் விடையில் காய்ச்சல் என்னும் சொல்லுக்குப் பதிலாக அவர் எந்தச் சொல்லைக் கையாள்கிறாரோ, அச்சொல்லை அப்படியே எடுத்து அடுத்த வரைவில் இடலாம்.